பவுன் 96 ரூபாய், சரி... சம்பளம் எவ்ளோ சார்?

மகாஜனங்களே, வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சமாச்சாரம் நம்ம எல்லாருக்கும் வந்து சேர்ந்துடும். யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல இருந்து பழைய டைரி ஒண்ணு எடுப்பார். ஒரு பக்கத்தை போட்டோ பிடிப்பார். "பாருங்கள், 1962இல் ஒரு பவுன் 96 ரூபாய், அரிசி கிலோ 62 பைசா, காபி 12 பைசா. அது பொற்காலம்! இன்று?" அப்படின்னு ஒரு பெருமூச்சு. கீழே நாலு பேர் "ஆமாம் ஐயா, அந்தக் காலம் திரும்ப வருமா"ன்னு கண்ணைத் தொடச்சுக்குவாங்க. அஞ்சாவது ஆள் வந்து, "இப்ப கூலி ஏறிப்போச்சு, இலவச அரிசி குடுத்து எல்லாரையும் சோம்பேறி ஆக்கிட்டாங்க, வயல் வேலைக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குது"ன்னு முடிப்பார்.

அந்த அஞ்சாவது ஆள்தான் எனக்குப் பிரச்சினை. முதல் நாலு பேர் பாவம், சும்மா ஏக்கம். ஆனா அந்த ஏக்கத்தை வச்சு இவர் ஒரு தீர்ப்பு எழுதுறார் பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

எங்க வீட்லயும் டைரி இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினேழு. தாத்தா (அப்பாவோட அப்பா) திருவாரூர் பக்கம் தபால் இலாகாவுல கிளார்க். 1959ல இருந்து 1978 வரைக்கும் எழுதியிருக்கார், நடுவுல மூணு வருஷம் காணோம், எடைக்குப் போயிருக்கும். டைரின்னா மனசைக் கொட்டி எழுதுற டைரி இல்லீங்க. வரவு, செலவு, யாருக்குக் காயிதம் போட்டது, யார் வந்தது, மழை. அவ்ளோதான். போன லாக்டவுன் காலத்துல ஆரம்பிச்சு, சனி ஞாயிறுல உக்காந்து ஒவ்வொரு வரியா எக்செல்ல ஏத்தினேன். (கல்யாணம் ஆகாதவன், வேற என்ன வேலை.) அதனால ஒரு பக்கத்தைப் போட்டோ பிடிச்சவங்களை விட எனக்குக் கொஞ்சம் கூடுதலா பேச உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

முதல்ல யூனிட். ஒரு இன்ஜினியர் பயலுக்கு வேற எங்க ஆரம்பிக்கத் தோணும்? 1999ல நாசா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பின ஒரு விண்கலம், ஒரு டீம் பவுண்டுலயும் இன்னொரு டீம் நியூட்டன்லயும் கணக்குப் போட்டதால தொலைஞ்சே போச்சு. நம்ம ஃபார்வர்டு பண்டிதர்கள் அதைவிடப் பெரிய வேலையை அசால்ட்டா செய்வாங்க. 1957 ஏப்ரல் 1 வரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா, ஆக ரூபாய்க்கு 64 பைசா. அதுக்கப்புறம்தான் 100 நயா பைசா. 1964ல "நயா" போய் வெறும் பைசா ஆச்சு. பழைய காசும் புதுக் காசும் சில வருஷம் சேர்ந்தே ஓடிச்சு. தாத்தா 1959ல கூட அணாவுலயே எழுதுறார், பக்கத்துல பென்சில்ல நயா பைசா. ஒரு அணான்னா ஆறேகால் நயா பைசா வரணும், கால் பைசாவுக்கு எங்க போறது? ஆறுன்னு வாங்கிப்பாங்க. தனித்தனியா பதினாறு அணாவை மாத்தினா 96தான் கையில வரும், நாலு பைசா காத்துல.

எடையும் அதே கதைதான். வீசைன்னா 40 பலம், இப்போதைய கணக்குல ஏறக்குறைய 1.4 கிலோ. படியோ ஊருக்கு ஊர் வேற. சின்னப்படி, பெரியபடி, பட்டணம் படின்னு கிடக்கு. மெட்ரிக் அளவு 1958ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்து 1962 வாக்குலதான் எல்லா இடத்துலயும் கட்டாயம் ஆச்சு. "அன்னைக்கு அரிசி இவ்ளோதான்"னு சொல்றவர்கிட்ட, "அண்ணே, எந்தப் படி?"ன்னு கேட்டுப் பாருங்க. முழிப்பார். :-)

இது சில்லறை விஷயம். அசல் விஷயம் என்னன்னா, டைரியில விலை மட்டும் இல்ல, சம்பளமும் இருக்கு. மாசம் ஒண்ணாந்தேதி முதல் வரி அதுதான். ஆனா போட்டோ எடுக்கறவங்க கேமராவுக்கு அந்த வரி மட்டும் எப்படித்தான் தப்பிச்சுப் போகுதோ!

1962 ஜூன் மாசம் தாத்தா கைக்கு வந்தது 131 ரூபாய். வீட்ல ஏழு பேர். தாத்தா, அப்பாயி, தாத்தாவோட அம்மா, பிள்ளைங்க நாலு. மாசம் 60 கிலோ அரிசி. கிலோ 62 நயா பைசான்னா 37 ரூபாய் 20 காசு. அதாவது சம்பளத்துல நூத்துக்கு இருபத்தெட்டு அரிசிக்கு மட்டும் போச்சு. குழம்பு, எண்ணெய், பால், விறகு, வாடகை எதுவும் இதுல சேர்த்தி இல்ல. இன்னைக்கு அதே தபால் ஆபீஸ்ல அதே மாதிரி வேலையில இருக்குற ஒருத்தர் பஞ்சப்படி எல்லாம் சேர்த்து ஒரு 45,000 வாங்குறார்னு வச்சுக்குங்க. கிலோ 60 ரூபாய்னு நல்ல அரிசியாவே 60 கிலோ வாங்கட்டும். 3,600. நூத்துக்கு எட்டு. அரிசி இன்னைக்குத்தான் சல்லிசு சாமியோவ்!

சைக்கிள் எடுத்துக்குங்க. 1963ல தாத்தா வாங்கின சைக்கிள் 210 ரூபாய். ஒன்றரை மாசச் சம்பளத்துக்கும் மேல. மாசம் 15 ரூபாய்னு தவணை கட்டியிருக்கார், ஒவ்வொரு தவணைக்கும் பக்கத்துல ஒரு டிக்கு. கடைசித் தவணைக்கு மட்டும் ரெண்டு டிக்கு. அந்தச் சந்தோஷம் எனக்குப் புரியுது. இன்னைக்கு அதே வேலையில இருக்குறவர் நாலு நாள் சம்பளத்துல ஒரு சைக்கிள் வாங்கிட்டுப் போயிடலாம். ரேடியோ வாங்க நாலு வருஷம் யோசிச்சிருக்காங்க. வாங்கின பிறகும் வருஷா வருஷம் 15 ரூபாய் லைசென்ஸ் கட்டணும், அதுவும் போஸ்டாபீஸ்லயே. ரேடியோ கேக்க லைசென்ஸான்னு சிரிக்காதீங்க, 1980கள்ல நடுவுல வரைக்கும் இருந்துச்சு அது.

"அப்ப தங்கம்?"னு அந்தப் பக்கம் ஒருத்தர் கை தூக்குறது தெரியுது. தூக்குங்க, தங்கத்துல நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. 1962ல பத்து கிராம் 120 ரூபாய் வாக்குல. தாத்தா சம்பளத்துல ஒரு பவுனுக்கும் மேலேயே வாங்கலாம். 2025ல பத்து கிராம் ஒரு லட்சத்தைத் தொட்டாச்சு, இப்ப ஒரு மாசச் சம்பளத்துல அரைப் பவுன் தேறினா பெரிசு. சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். பதினேழு டைரியில தாத்தா தங்கம் வாங்கினது எத்தனை தடவை தெரியுமா? ரெண்டு. அடகு வச்சது பதினோரு தடவை. அப்பாயியோட ரெட்டை வடம் சங்கிலி வீட்ல இருந்த நாளை விட சேட்டுக் கடையில இருந்த நாள் அதிகம். சம்பளத்துல பவுன் "வாங்கலாம்"ங்கறது கணக்கு. அரிசிக்கும் பால் பாக்கிக்கும் போக மிச்சம் இருந்தாத்தானே பவுன்? போதாக்குறைக்கு 1963 ஜனவரியில மொரார்ஜி தேசாய் கொண்டு வந்த தங்கக் கட்டுப்பாடு வேற. 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னு உத்தரவு. எத்தனையோ பொற்கொல்லர்கள் பிழைப்பு அதோட போச்சு. பொற்காலம்னு சொல்றாங்களே, பொன்னுக்கு அந்தக் காலத்துல கிடைச்ச மரியாதை இதுதான்.

டைரியில நான் விலையை விட அதிகமா பாத்த சொல் எது தெரியுமா? "கைமாற்று". மாசம் 20 தேதி தாண்டிட்டா ஆரம்பிச்சுடும். "கைமாற்று 5.00", "கைமாற்று 3.00", "மளிகைப் பாக்கி 11.40 நிற்கிறது". ஒண்ணாந்தேதி சம்பளம் வந்ததும் திருப்பிக் குடுத்துட்டு, 20ஆம் தேதி மறுபடி. இந்தச் சக்கரத்தை எக்செல்ல கோடு போட்டுப் பாத்தா இதயத் துடிப்பு மாதிரி இருக்கு. எல்லாமே சல்லிசா கிடைச்ச ஒரு காலத்துல, நிரந்தரமான மத்திய சர்க்கார் உத்தியோகத்துல இருந்த ஒருத்தர், எதுக்குங்க மாசா மாசம் மூணு ரூபாய்க்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டணும்?

1965-66 டைரியை எடுத்தா இன்னும் மோசம். மழை பொய்ச்சு நாடே அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பாத்துட்டு இருந்த வருஷங்கள். வாரத்துல ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கன்னு பிரதமர் சாஸ்திரியே கேட்டுக்கிட்டார். "இரவு கோதுமைக் கஞ்சி" அப்படின்னு தாத்தா எழுதியிருக்கார். தஞ்சாவூர் ஜில்லாவுல, நெல் விளையுற பூமியில, கோதுமைக் கஞ்சி. ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னு வாக்குக் குடுத்து 1967ல ஒரு கட்சி ஆட்சியையே பிடிச்சுது. அரிசி சுலபமா கிடைச்சிருந்தா யாராவது அரிசியைச் சொல்லி ஓட்டுக் கேட்பாங்களா? ஜெயிச்ச பிறகும் அந்தத் திட்டத்தை சென்னையிலயும் கோவையிலயும்தான் ஆரம்பிக்க முடிஞ்சுது.

1974 ஒரு தனி ரகம். ஒரே வருஷத்துல விலைவாசி கால்வாசிக்கு மேல ஏறிச்சு. ஏறின பஞ்சப்படியில பாதியை சர்க்காரே பிடிச்சு வச்சுக்கிட்டுது, கட்டாய டெபாசிட்னு சட்டம் போட்டு. தாத்தா அந்தக் காலத்தை முழுசா சிவப்பு மையில எழுதி வச்சிருக்கார். இந்தப் பக்கத்தை யாரும் போட்டோ பிடிச்சு அனுப்ப மாட்டாங்க.

சரி, இப்ப அஞ்சாவது ஆள்கிட்ட வர்றேன்.

அந்தக் காலத்துல நிஜமாவே எதெல்லாம் சல்லிசா இருந்துச்சுன்னு எக்செல்ல தனியா பிரிச்சுப் பாத்தேன். பொருள் எல்லாம் சம்பளத்தோட வச்சுப் பாத்தா விலை கூடத்தான். சல்லிசா இருந்தது வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், டாக்டர் பீஸ். இது உண்மை, இதுக்கு ஏங்கினா நானும் கூட உக்காந்து ஏங்குறேன். இன்னைக்கு எல்கேஜிக்குக் கட்டுற பணத்தைத் தாத்தா பாத்தா சிவப்பு மை பத்தாது. அடுத்து ஒண்ணு இருக்கு. ரொம்ப ரொம்ப சல்லிசா இருந்தது. மனுஷன்.

"பாத்திரக்காரி 3.00" மாசா மாசம் வருது. தினம் ரெண்டு வேளை வந்து ஏழு பேர் சாப்பிட்ட பாத்திரம் தேய்ச்சு, வாசல் தெளிச்சுட்டுப் போறதுக்கு மாசம் மூணு ரூபாய். அதே வருஷம் சைக்கிள் டயர் ஒண்ணு எட்டு ரூபாய். ரெண்டரை மாசம் பாத்திரம் தேய்ச்சாலும் ஒரு டயர் வராது. பதினேழு டைரியில அந்த அம்மா பேர் ஒரு இடத்துல கூட இல்ல. துணி வெளுக்கிறவருக்கும் பேர் இல்ல, முடி திருத்துறவருக்கும் பேர் இல்ல, அவங்களைக் குறிச்சிருக்கற சொல்லை நான் இங்க எழுதப் போறதில்ல. எங்க தாத்தா கெட்டவர் இல்லீங்க. கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்தினவர். ஆனா அவருக்குக் கீழேயும் ஒரு படி இருந்துச்சு, அந்தப் படியில இருந்தவங்க டைரி எழுதலை. டைரிக்கு முதல்ல எழுத்து தெரியணும், அப்புறம் டைரி வாங்கக் காசு வேணும், ராத்திரி எழுத விளக்குல எண்ணெய் வேணும். நாம ஃபார்வர்டு பண்ணிக்கிட்டு இருக்கறது மாசச் சம்பளக்காரர்களோட, நிலம் வச்சிருந்தவங்களோட டைரிங்க மட்டும்தான். ஊர்ல பாதிப் பேரைக் கேக்காமலே எடுத்த சர்வே.

அந்தப் பாதிப் பேரோட கணக்கு வேற இடத்துல இருக்கு. சர்க்கார் எடுத்த விவசாயத் தொழிலாளர் விசாரணைகள்ல. 1950-51ல நாடு முழுக்க சராசரியா ஒரு ஆணுக்கு நாள் கூலி 1 ரூபாய் 9 காசு, பொம்பளைக்கு 68 காசு. 1956-57ல ஆணுக்கு 96 காசு, பொம்பளைக்கு 59 காசு. கவனிச்சீங்களா, சுதந்திர இந்தியாவுல கூலி கொறைஞ்சிருக்கு! தாத்தா டைரிக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தின கணக்கு இது. 59 காசுன்னா, தாத்தா 1962ல வாங்கின விலைக்கு, ஒரு நாள் முழுக்க குனிஞ்சு நாத்து நட்டா ஒரு கிலோ அரிசி கூட வராது. வேலை இல்லாத நாள்ல அதுவும் இல்ல. அஞ்சாவது ஆள் அய்யா, "அப்பல்லாம் ஆள் கிடைச்சாங்க"ன்னு சொல்றீங்களே, இந்தக் கூலிக்குத்தான் கிடைச்சாங்க. வேற வழி இல்லாம கிடைச்சாங்க. 2005ல நூறு நாள் வேலைக்குச் சட்டம் வந்தது, 2008ல ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆச்சு, 2011ல இலவசமாச்சு. அப்புறம் இப்ப எங்க ஊர்ப் பக்கம் நடவுக்கு 400 ரூபாய் கேக்குறாங்கன்னா, ஆறேழு கிலோ அரிசி. அதைப் பாத்து "எல்லாம் கெட்டுப்போச்சு"ன்னா, எது கெட்டுப்போச்சுன்னு தெளிவா சொல்லுங்க.

1968 டைரி ஒண்ணை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படிக்கணும்.

அந்த வருஷம் செப்டம்பர் 19, மத்திய அரசு ஊழியர்கள் ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம். கோரிக்கை, தேவைக்கேத்த குறைந்தபட்ச ஊதியம். 1957ல 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டுல ஒத்துக்கிட்ட அளவு அது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,700 கலோரி, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, அப்படின்னு கணக்குப் போட்டு, அதை வாங்கற அளவுக்குச் சம்பளம் குடுங்கன்னு கேட்டாங்க. சர்க்கார் ஒடுக்கிச்சு, நிறைய பேர் உள்ள போனாங்க, வேலை போச்சு. தாத்தாவும் அன்னைக்கு ஆபீஸ் போகலை. "வேலைநிறுத்தம். போகவில்லை. என்ன ஆகுமோ." பதினேழு வருஷத்துல அவர் மனசுல இருந்ததை எழுதின ஒரே வரி அதுதான்னு நெனைக்கிறேன்.

மூணு மாசம் கழிச்சு, டிசம்பர் 25. திருவாரூர்ல இருந்து பஸ் பிடிச்சா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடற கீழ்வெண்மணியில, அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டுச் சங்கமாச் சேர்ந்த ஜனங்கள் மேல, அன்னைக்கு ராத்திரி தாக்குதல். ஒரு குடிசைக்குள்ள ஓடி ஒளிஞ்ச 44 பேரை வச்சு எரிச்சாங்க. பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைங்க. எல்லாரும் தலித்துகள்.

தாத்தா டைரியில 25ஆம் தேதி: விடுமுறை. நல்லெண்ணெய் 2.10. 26: மண்ணெண்ணெய், தபால் கார்டு நாலு. 27: அரிசி அரை மூட்டை, கூலி 25 காசு. அந்த வாரம் முழுக்க அவ்ளோதான். தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவர், தந்தி எல்லாம் அவர் கண்ணு முன்னாடிதான் போயிருக்கும், தெரியாம இருந்திருக்க வழியே இல்ல. குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மூணு மாசம் முன்னாடி வேலையைப் பணயம் வச்ச அதே மனுஷன். பயமா, வழக்கமா, அது வேற யாரோட பிரச்சினையோன்னு நெனைச்சாரா, என்னால கேக்க முடியாது. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு.

அந்த 27ஆம் தேதி அரிசி விலையை நான் எக்செல்ல ஏத்தினேன். அந்த செல்லைப் பாக்கும்போதெல்லாம் தோணுறது, அந்த விலைக்குள்ளதான் அந்த அரைப்படியும் இருக்கு. குடுக்காத அரைப்படி. குடுத்திருந்தா அரிசி காலணாவோ அரையணாவோ கூடியிருக்கும், இன்னைக்கு ஃபார்வர்டுல பெருமூச்சு விடுறதுக்கு அந்த அளவு கொறைஞ்சிருக்கும்.

இன்னொரு வேலையும் எந்த டைரியிலயும் விலை போடாம கிடக்கு. அப்பாயி. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ஏழு பேருக்கு ஆட்டுக்கல்லுல மாவாட்டி, விறகு ஊதி, கிணத்துல தண்ணி சேந்தி... "வீட்டுச் செலவு"ங்கற தலைப்புல அப்பாயி எங்கயுமே இல்ல. ஓட்டல் இட்லி விலையை மட்டும் டைரி சொல்லுது, வீட்டு இட்லி ஓசி. 1971ல பெரிய அத்தை எட்டாவதோட நின்னுட்டாங்க. டைரியில அதுக்கு ஒரு வரி, "பெண்ணை நிறுத்தியாச்சு. மாதம் 4.50 மிச்சம்." பள்ளிக்கூடச் சம்பளம் அப்ப ரொம்பக் கம்மின்னு மேலே எழுதினேன் இல்ல? அந்தக் கம்மியும் கட்ட முடியலை. அத்தைகிட்ட இந்த வரியைக் காமிச்சேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. "நாலரையா? நான் என்னமோ பெரிய தொகைன்னு நெனைச்சுட்டு இருந்தேன்டா"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க.

அதனால பெரியவங்களே, நண்பர்களே, அடுத்த தடவை யாராவது பழைய டைரிப் பக்கத்தை அனுப்பினா, மரியாதையா மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணாந்தேதி வரி எங்க? 20ஆம் தேதிக்கு அப்புறம் இருக்கற பக்கங்கள் எங்க? அந்த வீட்ல பாத்திரம் தேய்ச்சவங்களுக்கு என்ன குடுத்தீங்க? மூணையும் போட்டோ பிடிச்சு அனுப்பினா, நான் அவரோட சேர்ந்து அழவும் தயார், சண்டை போடவும் தயார்.

பின்னூட்டத்துல வந்து "நீ அந்தக் காலத்துல பொறக்கவே இல்லையே, உனக்கென்ன தெரியும்"னு கேக்கப் போறவங்களுக்கு: ஆமாங்க, நான் பொறக்கலை. எழுதி வச்சிருக்கறதைப் படிச்சேன், அவ்ளோதான்.

டிஸ்கி: உங்க வீட்லயும் இந்த மாதிரி டைரி, மளிகைக் கணக்கு நோட்டு, அடகுச் சீட்டு இருந்தா தயவுசெஞ்சு எடைக்குப் போட்டுடாதீங்க. நல்ல வெளிச்சத்துல பக்கம் பக்கமா படம் எடுத்து வச்சுக்குங்க. 60கள்ல உபயோகிச்ச மை மங்கிக்கிட்டே வருது, என்கிட்ட இருக்கற 1961 டைரியில பாதிப் பக்கம் இப்பவே படிக்க முடியலை. விலைப் பட்டியல் மட்டும் ஏத்தாம சம்பளம், கடன், கூலி எல்லாத்தையும் தனித்தனி காலத்துல போடுங்க. யாராவது செஞ்சா சொல்லுங்க, என்னோட எக்செல்லோட சேர்த்துப் பாத்துடலாம்.